கலந்த சோறு, கலக்காத வம்சம்

பழைய வீடுகள் இப்போது சோறு போடத் தொடங்கிவிட்டன. காரைக்குடிப் பக்கம் ஆளில்லாமல் கிடந்த செட்டிநாட்டு வீடுகள் சில விடுதிகளாகி, வாழையிலையில் சாப்பாடு போடுகின்றன. மலாக்காவில் பெரனாக்கான் வீடுகள் கஃபேக்களாகியிருக்கின்றன. 2008இல் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு, 'பாரம்பரியம்' என்ற சொல்லுக்கு அங்கே நல்ல விலை. அப்படியொரு வீட்டில் ஒரு மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பாட்டைப் பற்றிப் புகார் ஏதுமில்லை. அந்த வீட்டை எப்படி வாசிப்பது என்பதுதான் பிரச்சினை.

தெருவில் குறுகலாகத் தொடங்கி உள்ளே நீண்டுகொண்டே போகும் வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம். கூட வந்த ராஜபாளையத்து நண்பர், 'நம்ம செட்டியார் வீடு மாதிரியே இருக்கே' என்றார். சுவரில் வீட்டைக் கட்டிய சீன வணிகரின் படம். மேசையில் புவா கெலுவாக் போட்ட கோழிக்குழம்பு. கெலுவாக் கொட்டை பச்சையாக இருக்கும்போது நஞ்சு. வேகவைத்து, சாம்பலில் வாரக்கணக்காகப் புதைத்து எடுத்தால்தான் உள்ளிருக்கும் கரிய விழுதைத் தின்ன முடியும். இந்த அறிவு சீனாவிலிருந்து கப்பலேறி வந்ததல்ல. அந்த மண்ணின் பெண்களிடம் இருந்தது. படம் அவருடையது, குழம்பு அவளுடையது. அவளுக்குப் பெயர்கூட இல்லை.

'பண்பாடுகளின் கலப்பு' என்கிற சொல்லாடலில், கலப்பு யாரும் செய்யாமல் தானாக நடந்துபோன காரியம். வணிகன் வந்தான், மணந்தான், குழம்பு மணத்தது, அவ்வளவுதான். யாருடைய விருப்பத்தில் நடந்தது என்ற கேள்வி அடுப்புப் புகையோடு வெளியேறிவிடுகிறது. அந்தப் பெண்களில் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகளும் இருந்தார்கள்.

இது சீனர் கதை மட்டுமல்ல. மலாயில் 'அனாக்' என்றால் பிள்ளை. பெரனாக்கான் அந்த மண்ணில் பிறந்த பிள்ளை. 15ஆம் நூற்றாண்டில், சுல்தான்கள் காலத்தில், மலாக்கா போன தமிழ் வணிகர்களும் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். அவர்கள் வழி வந்தவர்கள் மலாக்கா செட்டிகள். வீட்டில் மலாய், உடுப்பில் கபாயா, வழிபாட்டில் சைவம். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. போகியன்று முன்னோருக்குப் படையல் வைக்கிறார்கள்.

இவர்களைப் பற்றி நம்மாட்கள் எழுதினால் 'தமிழை இழந்தவர்கள்' என்று ஒரு பெருமூச்சு தவறாமல் வரும். தாய்மொழி என்றால் தாயின் மொழிதானே? அவர்கள் பேசுவது தாயின் மொழியைத்தான். நாம் தாய்மொழி என்று சொல்லிக் கேட்பதெல்லாம் தகப்பன் மொழியை. தாயின் பெயரைச் சொல்லித் தகப்பன் வழியைக் காக்கிற தந்திரம் இது.

ஊருக்கு வருவோம். விஜயநகரத்துக்குப் பின் ராஜபாளையத்தில் குடியேறிய ராஜுக்கள் இன்றும் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். மலாக்காவில் மொழி போனது கலந்ததால். இங்கே நின்றது கலக்காததால். ஒரு சாதியைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. தமிழ் பேசுகிற சாதிகள் போட்டிருக்கும் வேலி இதைவிடத் தாழ்ந்ததல்ல.

அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் ஸ்ரீவில்லிபுத்தூர். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவுக்குப் பெருமையே, பாலும் சர்க்கரையும் தவிர எதுவும் கலக்காதது என்பதுதான். பாலுக்குச் சரி. ஆனால் அந்த ஊர் நாச்சியார் யார்? துளசி வனத்தில் கண்டெடுத்த பிள்ளை. பெற்றவளும் தெரியாது, குலமும் தெரியாது. பூமாதேவியின் அம்சம் என்பதன் மூலம் அவளுக்கும் ஒரு வம்சம் கட்டிக் கொடுக்கப்பட்டது. அவள் சூடிக் களைந்த மாலையைத்தான் பெருமாள் விரும்பிக் கேட்டார் என்பது கதை. தீட்டுக் கணக்கையே கவிழ்த்துப்போடும் கதை. மார்கழிதோறும் அவளைப் பாடுகிற அதே தெருக்களில் கல்யாணப் பேச்செடுத்தால் முதல் கேள்வி, 'நீங்க என்ன ஆளுக?'

நாக்குக்குக் கலப்பு வேண்டியிருக்கிறது, வம்சத்துக்கு ஆகவில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், நடுத்தெருவில், சாதி கடந்து மணந்ததற்காகச் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தத் தெருவிலும் மதியத்துக்கு ஃப்ரைட் ரைஸ் கிடைத்திருக்கும்.

பாரம்பரிய வீடுகளில் சாப்பிடாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. சாப்பிட உட்காரும்போது சுவரைப் பாருங்கள். யார் படம் இல்லை என்று பாருங்கள். செட்டிநாட்டு முற்றத்தில் நிற்கும் தேக்குத் தூண் பர்மாவிலிருந்து வந்தது. அங்கே பிறந்த பிள்ளைகள் ஏன் கூட வரவில்லை என்று கேளுங்கள்.