அமைப்பியல் எங்கே சறுக்கியது

1878 டிசம்பரில் லைப்சிக் நகரில் ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் ஃபெர்டினாண்ட் டி சொசூர் என்ற இருபத்தொரு வயது மாணவர். பொருள், இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் ஆதி உயிர் ஒலிகள். அந்த மொழிகளில் உயிர்கள் நீள்வதும் மாறுவதும் ஓர் ஒழுங்குக்குள் வரவேண்டுமானால், அன்றைக்கு அறியப்பட்ட எந்த மொழியிலும் மிஞ்சியிராத சில ஒலிகள் ஆதியில் இருந்திருக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்மான் மோலர் அதை மேலும் விரித்து, அவை தொண்டையில் பிறந்த ஒலிகளாக இருக்கும் என்றார். பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. பிறகு துருக்கியில் போகஸ்கோய் என்ற இடத்தில் களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றிலிருந்த ஹிட்டைட் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை 1915இல் ஹ்ரோஸ்னி காட்டினார். 1927இல் போலந்துக்காரரான குரிலோவிச், கணக்கு சொன்ன பல இடங்களில் அந்த மொழியில் ‘ஹ’ போன்ற ஓர் ஒலி எழுதப்பட்டிருப்பதை எடுத்துவைத்தார். லத்தீனில் ‘அந்தே’, கிரேக்கத்தில் ‘அந்தி’, ஹிட்டைட்டிலோ ‘ஹந்தி’. அப்போது சொசூர் இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அமைப்பியலின் பலவீனங்களைச் சொல்ல வந்த கட்டுரையில் அதன் வெற்றிக் கதையை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உறுப்புகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் அவற்றுக்கிடையிலான உறவைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாததையும் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. கூடவே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கணிப்பு பொய்த்துப் போயிருக்கலாம். பலகைகளில் அந்த ஒலி இல்லாமலே போயிருக்கலாம், வேறு இடங்களில் வந்திருக்கலாம். தோற்பதற்கு வழி வைத்துக்கொண்டே அது ஜெயித்தது. பின்னாளில் அமைப்பியல் என்ற பெயரில் மொழியிலிருந்து புராணத்துக்கும் திருமணத்துக்கும் சமையலுக்கும் கவிதைக்கும் சாதிக்கும் பரவிய முறையில், தோற்பதற்கான இந்த வழி கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டது. அதன் பலவீனங்களில் தலையானது இதுதான் என்பது என் கட்சி.

சொசூரின் ‘பொது மொழியியல்’ நூல் வந்த விதமே விசித்திரமானது. அதை அவர் எழுதவில்லை. 1907 முதல் 1911 வரை ஜெனீவாவில் மூன்று தவணைகளாக நடத்திய வகுப்புகளின் மாணவர் குறிப்புகளிலிருந்து பாலியும் செஷஹேயும் 1916இல் தொகுத்தது அது. இருவரும் அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள் அல்லர். மொழியை அதற்குள்ளேயே, அதற்காகவே ஆராய வேண்டும் என்று முழங்கும் அதன் கடைசி வாக்கியம் தொகுப்பாளர்கள் சேர்த்தது என்பதை ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தார்கள். 1996இல் ஜெனீவாவில் சொசூர் குடும்பத்து வீட்டில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தன. அவற்றில் தெரியும் சொசூர் தயக்கமும் திருத்தமும் நிறைந்தவர். உலகம் சுற்றியது தொகுப்பாளர்களின் சொசூர்.

அந்தச் சொசூர் மொழியை இரண்டாகப் பிரித்தார். சமூகத்துக்குப் பொதுவான மொழியமைப்பு (லாங்) ஒன்று, ஆளுக்கு ஆள் வேறுபடும் பேச்சு (பரோல்) மற்றொன்று. அறிவியலுக்கு உரியது முதலாவது. காலத்தையும் அப்படியே பிரித்தார்: ஒரு கணத்தில் மொழி இருக்கும் நிலை தனி, அது மாறும் வரலாறு தனி. 1929இலேயே ரஷ்யாவில் வொலோஷினோவ் இதை எதிர்த்து எழுதினார். யார் யாரிடம் எந்த நிலையில் பேசுகிறார் என்பதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது செத்த மொழியின் இலக்கணம்தான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். மேற்கில் அதை வாசிக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வாதத்தால் சாயாதது கள ஆய்வால் சாய்ந்தது. 1962இல் வில்லியம் லபோவ் நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். சாக்ஸ் பணக்காரர் கடை, மேசிஸ் நடுத்தரம், க்ளைன் மலிவு. நான்காம் மாடியில் இருக்கும் ஒரு பொருளின் பெயரைச் சொல்லி, அது எங்கே கிடைக்கும் என்று விற்பனையாளர்களிடம் கேட்பார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று பதில் வரும். காதில் விழாதவர் போல மறுபடி கேட்பார்; இந்தத் தடவை அழுத்தித் திருத்தமாகச் சொல்வார்கள். இரண்டு சொல்லிலும் ‘ர்’ ஒலிக்கிறதா என்று ஒதுங்கி நின்று குறித்துக்கொள்வார். சாக்ஸில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் அதை ஒரு முறையாவது ஒலித்தார்கள், மேசிஸில் 51, க்ளைனில் 20 அளவில். ஒழுங்கற்றது என்று சொசூரியம் ஒதுக்கிவைத்த பேச்சுக்குள்தான் ஒழுங்கு இருந்தது. மொழி மாறிக்கொண்டிருப்பதும் அதே கணத்தில் அதே கடைக்குள் தெரிந்தது. நிலை வேறு, மாற்றம் வேறு என்ற சுவர் அங்கே விழுந்தது.

இதே காலத்தில் தமிழும் இந்த விவாதத்துக்குள் வந்தது. வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் 1964இல் வெளியான கட்டுரையில் தமிழ், கன்னடம், துளு ஆகியவற்றில் பிராமணர் பேச்சையும் பிறர் பேச்சையும் ஒப்பிட்டார்கள். கடன் சொல், வேற்று ஒலி என்று உணர்ந்து ஏற்கும் மாற்றங்கள் பிராமணர் பக்கம் கூடுதல். தன்னறியாமல் நிகழும் ஒலித் தேய்வு மறுபக்கம் கூடுதல். ‘வந்தேள்’ என்பவரும் ‘வந்தீங்க’ என்பவரும் ஒரே தெருமுனையில் நின்று ஒருவரை ஒருவர் புரிந்துகொள்கிறார்கள். அந்த விகுதியைக் கேட்ட மாத்திரத்தில் எதிராளியின் சாதியையும் புரிந்துகொள்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரே மொழியமைப்பு என்று எதைச் சொல்வது? அந்தப் பொதுமையைக் கட்டுவதற்குள் யாராவது ஒருவருடைய பேச்சு தரமாகிவிடுகிறது.

சாம்ஸ்கியின் எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. உறுப்புகளைப் பட்டியலிட்டு வகைப்படுத்துவதால், இதுவரை யாரும் சொல்லாத வாக்கியத்தை ஒரு குழந்தை சொல்வது எப்படி என்று விளங்காது என்றார். அது பலரும் அறிந்த கதை.

மொழியியலுக்கு வெளியே அமைப்பியலைக் கொண்டுபோனவர் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ். போர்க்காலத்தில் நியூயார்க்கில் அகதியாக இருந்தபோது ரோமன் யாகப்சனிடம் ஒலியனியலைக் கேட்டு அவர் மயங்கினார். ஒலியன்கள் எதிர்வுகளால் ஆனவை என்றால் உறவும் புராணமும் ஏன் அப்படி இருக்கக்கூடாது? கேள்வி அபாரமானது. விடை சொன்ன விதத்தில்தான் சிக்கல்.

1955இல் அவர் வெளியிட்ட புராண ஆய்வுக் கட்டுரையில் ஈடிபஸ் கதையை நான்கு பத்திகளாக அடுக்குகிறார். முதலாவது, இரத்த உறவை அளவுக்கு மீறிப் போற்றுவது: ஈடிபஸ் தாயை மணக்கிறான், ஆன்டிகனி தடையை மீறி அண்ணனை அடக்கம் செய்கிறாள். இரண்டாவது, அதே உறவை மிதிப்பது: ஈடிபஸ் தந்தையைக் கொல்கிறான், சகோதரர்கள் வெட்டிக்கொண்டு மடிகிறார்கள். மூன்றாவது, அரக்க விலங்குகள் கொல்லப்படுவது. நான்காவது, நேராக நடக்க இயலாமையைச் சுட்டும் பெயர்கள்: நொண்டி, இடப்பக்கத்தான், வீங்கிய காலன். மண்ணில் முளைத்தவனா மனிதன், இருவருக்குப் பிறந்தவனா என்ற முரணை இந்த நான்கும் சமன் செய்கின்றனவாம்.

வாசிக்கும்போது பிரமிப்பாகத்தான் இருக்கும். மூலக் கதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் பிரமிப்பு இறங்கும். மூன்றாம் பத்தியில் ஈடிபஸ் ஸ்பிங்க்ஸைக் கொல்கிறான் என்றிருக்கிறது. நாம் அறிந்த கதையில் அவன் விடுகதையை அவிழ்க்கிறான். அது தானே விழுந்து சாகிறது. ஈடிபஸ் தன் கண்களைக் குத்திக்கொள்வது எந்தப் பத்தியிலும் இல்லை. கொள்ளைநோய் இல்லை, தாய் யொகாஸ்தா தூக்கிட்டுக்கொள்வதும் இல்லை. கதை கேட்ட எவருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறவை இவைதான். இது விஞ்ஞானியின் நிரூபணம் இல்லை, தெரு வியாபாரி பொம்மையை ஓட்டிக் காட்டுவது போன்றது என்று லெவி-ஸ்ட்ராஸே அந்தக் கட்டுரையில் சொல்லிக்கொள்கிறார். நேர்மைதான். ஆனால் வழிவந்தவர்கள் பொம்மையை வாங்கிக்கொண்டு எச்சரிக்கையைக் கடையிலேயே விட்டுவிட்டார்கள். எந்த நிகழ்ச்சியைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்கு விதி இல்லாதபோது பத்திகள் எப்போதும் பொருந்தும். இங்கே எந்தக் களிமண் பலகை வந்து எது தவறென்று காட்ட முடியும்?

1962இல் யாகப்சனும் அவரும் சேர்ந்து பொதலேரின் பூனைகள் பற்றிய பதினான்கு வரிக் கவிதையை ஒலி ஒலியாகப் பிரித்துக் காட்டினார்கள். நான்கு ஆண்டு கழித்து மைக்கேல் ரிஃபாத்தேர் மறுத்தார். பிரெஞ்சு யாப்பில் ஒருவகை இயைபுக்குப் பெண்பால் இயைபு என்று பெயர். இலக்கணத்தில் பெயர்ச்சொற்களுக்கும் பெண்பால் உண்டு. இரண்டையும் முடிச்சுப் போட்டு ஆய்வாளர்கள் பொருள் காண்கிறார்கள். ஆனால் அவை வெவ்வேறு துறைகளின் சங்கேதங்கள். பெயர் ஒன்றாயிருப்பது தற்செயல், வாசகர் காதில் அப்படி ஒன்று விழுவதே இல்லை என்றார் ரிஃபாத்தேர். கவிதையில் இருக்கும் அமைப்பு எல்லாம் கவித்துவம் ஆகிவிடாது. அந்தக் கட்டுரைகளை நகலெடுத்துச் சங்கப் பாடல்களில் ஒற்றெழுத்து எண்ணிய நம் ஆய்வேடுகளுக்கும் இந்த மறுப்பு பொருந்தும்.

தமிழ் வாசகருக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள அத்தியாயம் லூயி துமோனுடையது. 1949-50இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளரிடையே அவர் களப்பணி செய்தார். திராவிட உறவுமுறை பற்றிய அவருடைய 1953 கட்டுரை இன்றும் ரசிக்கத்தக்கது. தாய்மாமனை அம்மாவின் சகோதரன் என்று மட்டுமே பார்த்த மேற்கத்தியரிடம், அவர் முதலில் அப்பாவின் மைத்துனர் என்றார் துமோன். பங்காளி ஒரு பக்கம், மாமன் மச்சான் மறுபக்கம். சம்பந்தம் தலைமுறைதோறும் சொத்தைப்போல் இறங்கி வருகிறது. நம் கிராமத்தில் எந்தப் பாட்டிக்கும் தெரிந்த இந்த விஷயத்தை மானிடவியலுக்குப் புரியவைத்தது அமைப்பியல்தான், அந்தப் பெருமையை மறுக்க வேண்டியதில்லை.

அக்கா மகளைக் கட்டுவதை இந்தச் சட்டகத்தில் எங்கே வைப்பது? கட்டம் தலைமுறை தலைமுறையாக அடுக்கப்பட்டது. அக்கா மகளோ ஒரு தலைமுறை கீழே. அவளைக் கட்டினால் அக்காவே மாமியார். பல சாதிகளில் இது வழக்கம், சிலவற்றில் விலக்கு. திருநெல்வேலிப் பகுதியில் ஆய்வு செய்த அந்தோணி குட், உறவுச் சொல், விதி, நடப்பு மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று தானாகப் பிறப்பதில்லை என்று வாதிட்டார். சொல்லிலிருந்து விதியையும் விதியிலிருந்து நடப்பையும் வரவழைப்பதுதானே அமைப்பியல்.

இதைக் கோட்பாடாகவே சொன்னவர் பியர் பூர்தியூ. லெவி-ஸ்ட்ராஸின் அறுபதாம் ஆண்டு மலருக்காக அல்ஜீரியக் கபில் வீட்டைப் பற்றி முழுக்க அமைப்பியல் பாணியில் எழுதிக் கொடுத்தவர் அவர். 1972இல் திரும்பி நின்று, மனிதர்கள் விதியை நிறைவேற்றுவதில்லை, விதியை வைத்து விளையாடுகிறார்கள் என்றார். கொடைக்கும் எதிர்க்கொடைக்கும் இடையில் கழியும் காலத்தை மாதிரியிலிருந்து எடுத்துவிட்டால் எல்லாமே போய்விடுகிறது. மொய் எழுதிய எவருக்கும் இது புரியும். இன்று வாங்கிய ஆயிரத்தை நாளைக் காலையே திருப்பிக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும், உறவு முறிந்துவிடும். எப்போது, எந்த விசேஷத்தில், எவ்வளவு கூட்டிச் செய்வது என்பதில்தான் உறவின் அரசியல் இருக்கிறது. கட்டத்தில் நேரத்துக்கு இடமில்லை.

துமோன் வந்த இடத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அவர் போனபோது அதைக் கண்ணால் பார்த்தவர்கள் உயிரோடு இருந்திருப்பார்கள். 1953 கட்டுரையின் சட்டகத்தில் அதற்கு வேலை கிடையாது. 1966இல் வந்த ‘ஹோமோ ஹைரார்க்கிகஸ்’ நூலில் அவர் சாதி முழுவதையும் தூய்மை, தீட்டு என்ற ஓர் எதிர்வின்மேல் நிறுத்தினார். நிலமும் அதிகாரமும் அடுத்த படிக்குப் போயின.

செங்கல்பட்டுப் பகுதியில் பறையர்களிடையே ஆய்வு செய்த ஜோன் மென்ச்சர் 1974இல் சாதியைத் தலைகீழாகப் பார்க்கும் கட்டுரையை எழுதினார். கீழேயிருந்து பார்த்தால் தெரிவது தீட்டின் தத்துவம் இல்லை, கூலியும் சுரண்டலும் என்றார். மைக்கேல் மொஃபத் 1979இல் அதே மாவட்டத்து எண்டவூரை வைத்து மறுத்தார்: ஒதுக்கப்பட்டவர்களும் தங்களுக்குள் அதே படிநிலையைக் கட்டிக்கொள்கிறார்கள், ஆகவே உடன்படுகிறார்கள் என்றார். முன்பாதி அவர் கண்டது. பின்பாதி அமைப்பியல் சொல்லவைத்தது. ஒன்றைப் போலச் செய்வது அதை ஏற்பதாகாது. 1987இல் நிக்கலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டையை எடுத்துக்கொண்டார். அங்கே கள்ளர்களே அரசர்கள். மானியமும் மரியாதையும் அரண்மனையிலிருந்து பங்காகி வந்து சாதி நிலையைத் தீர்மானித்தன. தூய்மை எதிர்வு அங்கே எதையும் விளக்கவில்லை.

1966 அக்டோபரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தெரிதா நிகழ்த்திய உரையோடு அமைப்பியல் வீழ்ந்தது என்று எழுதுவது வழக்கம். மையம் என்று ஒன்று நிலைக்காது என்ற அவருடைய வாதம் கூர்மையானது. ஆனாலும் லபோவின் கடை மாடியும் மென்ச்சரின் சேரியும் செய்த சேதம் அதைவிடப் பெரியது என்றே நினைக்கிறேன்; அவை கோட்பாட்டைத் தரையில் இழுத்து வைத்துக் கேள்வி கேட்டவை.

தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982இல் வந்தபோது அந்த உரைக்குப் பதினாறு வயது. அமைப்பியலும் அதன் மறுப்பும் நமக்கு ஏறக்குறைய ஒரே மூட்டையில் வந்தன. ஆசிரியரின் வாழ்க்கையையும் கதையின் நீதியையுமே பேசிக்கொண்டிருந்த விமர்சனத்துக்கு அது நல்ல அதிர்ச்சி. ஆனால் முதலாவதைச் செய்து பார்ப்பதற்குள் இரண்டாவதற்குத் தாவிவிட்டோம். களத்தில் ஏற்பட்ட தோல்விகளைப் பற்றிப் பேச ஆள் இல்லை. ஐந்திணையைக் காலமற்ற கட்டமாகப் போடுவது இன்றும் நடக்கிறது. தொல்காப்பியமோ திணை மயக்கத்துக்கு இடம் கொடுத்தே இலக்கணம் சொல்கிறது.

நாட்டார் கதைகளை இருமை எதிர்வுகளாக அடுக்கும் ஆய்வுகள் நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. வரட்டும். எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கதையை யார் சொன்னார், எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் முன்னால் என்பதையும், உங்கள் பத்திகளில் இடம் கிடைக்காத நிகழ்ச்சிகளின் பட்டியலையும் பின்னிணைப்பாகப் போடுங்கள்.