தரவுப் பிணைப்பு: வசதியும் வகைப் பாதுகாப்பும்

வலைப்படிவத்தில் பயனர் நிரப்பும் விவரங்கள், கோப்புகள் நீங்கலாக, சேவையகத்தை வெறும் எழுத்துச் சரங்களாகவே வந்தடைகின்றன. அவற்றை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றி, நிரலிலுள்ள பொருளின் புலங்களில் நிரப்புவதே தரவுப் பிணைப்பு. வலைச் சட்டகங்கள் இதைத் தாமாகவே செய்வதால், பல வரிகளில் எழுத வேண்டியது ஒரே வரியில் முடிகிறது.

இந்த வசதியில் ஆபத்து உண்டு என்பதைப் பலரும் ஒப்புக்கொள்கின்றனர். ஆனால், வகைக் கண்டிப்புள்ள மொழியைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஆபத்து நீங்கிவிடும் என்ற கருத்து ஏற்கத்தக்கதன்று. இரண்டு நிகழ்வுகள் இதைத் தெளிவாக்குகின்றன.

முதலாவது, ரூபி ஆன் ரெயில்ஸ். ரூபி நெகிழ்வான வகைகளைக் கொண்ட மொழி. படிவத்தில் இல்லாத புலத்தைக் கோரிக்கையில் சேர்த்து அனுப்பினாலும், பழைய ரெயில்ஸ் அதையும் இயல்பாகவே நிரப்பிவிடும். 2012 மார்ச்சில் கிட்ஹப் தளத்தின் பொது விசைப் படிவத்தில் இருந்த இந்த ஓட்டையை ஒரு நிரலர் பயன்படுத்தினார். ரெயில்ஸ் திட்டத்தின் கணக்கோடு தன் விசையை இணைத்து, அதன் மூல நிரலிலேயே ஒரு கோப்பைச் சேர்த்துக் காட்டினார்.

இரண்டாவது, ஸ்பிரிங். இது வகைக் கண்டிப்புள்ள ஜாவா மொழிக்கான சட்டகம். ஜாவாவில் எல்லாப் பொருள்களுக்கும் தம் வகுப்பைக் குறிக்கும் பண்பு ஒன்று உண்டு. பிணைப்பு அதன் வழியே வகுப்பேற்றி வரை செல்ல முடிந்தது. 2010இல் அந்தப் பாதை அடைக்கப்பட்டது. 2017இல் வந்த ஜாவா 9 தொகுதி என்ற புதிய பண்பைச் சேர்க்க, அதே இடத்துக்கு வேறொரு பாதை திறந்தது. 2022இல் வெளிப்பட்ட ஸ்பிரிங்4ஷெல் பாதிப்பு அதன் விளைவே. டாம்கேட் சேவையகத்தின் பதிவேட்டு அமைப்புகளை மாற்றி, அதில் தம் நிரலை எழுதி இயக்கத் தாக்குவோரால் முடிந்தது.

கிட்ஹப்புக்கு அனுப்பப்பட்ட பயனர் எண்ணும் சரியான வகையிலான எண்தான். மதிப்பின் வடிவம் சரியா என்பதையே வகை சோதிக்கிறது; அதை மாற்றும் உரிமை அனுப்பியவருக்கு உண்டா என்பதைச் சோதிப்பதில்லை.

எனவே, எந்தப் புலங்களை வெளியிலிருந்து நிரப்பலாம் என்று முன்கூட்டியே அறிவிப்பதே உண்மையான காப்பு. 2013இல் வந்த ரெயில்ஸ் 4 அனுமதிப் பட்டியலை இயல்பாக்கி இதைச் செய்தது. தடைப்பட்டியல் நமக்குத் தெரிந்த பாதைகளை மட்டுமே மூடும் என்பதற்கு ஸ்பிரிங்கே சான்று.

இதனால் வகைகள் பயனற்றவை என்று ஆகிவிடாது. தரவுத்தளத்துக்கான வகுப்பைப் படிவத்துக்கும் பயன்படுத்துவதுதான் தவறு. படிவத்துக்கெனத் தனி வகுப்பை அமைத்து, அதில் தேவையான புலங்களை மட்டும் வைத்தால், அந்த வகுப்பே அனுமதிப் பட்டியலாகிவிடும். ஒரே மாதிரியான இரண்டு வகுப்புகளை எழுதுவது சலிப்பூட்டும் வேலைதான். ஆனாலும், நிர்வாகி உரிமையைக் குறிக்கும் புலம் அந்த வகுப்பில் இல்லாதபோது, கோரிக்கையில் எதைச் சேர்த்து அனுப்பினாலும் அது நிரம்பப் போவதில்லை.