ஏறுமுகம் காட்டும் முள்

ஸ்னோமொபைலில் கூடுதலாக வாங்கிப் பொருத்தும் கூலண்ட் வெப்பமானியை வீண் அலங்காரம் என்பவர்கள் உண்டு. கம்பெனியே எச்சரிக்கை விளக்கு கொடுத்திருக்கிறதே, போதாதா என்பார்கள். போதாது. இந்த வண்டிகள் பலவற்றில் காரைப் போல ரேடியேட்டரும் விசிறியும் கிடையாது. சூடான கூலண்ட், சுழலும் ரப்பர் பட்டைக்கு மேலுள்ள அலுமினியக் குழல்களில் சுற்றிவரும். பட்டை வாரியடிக்கும் பனிதான் அதைக் குளிர்விக்கிறது. புதுப்பனியில் முள் அசையாமல் கிடக்கும். மினசோட்டாவில், காற்று துடைத்துவிட்ட ஏரி ஐஸில் ஏறிவிட்டாலோ, வெளியே மைனஸ் 20 டிகிரி இருந்தாலும் அது மெல்ல மேலே நகரும். ஐஸைக் கீறும் கம்பிகளை இறக்கினால் கரகரவென்று தூள் பறக்கும். முள் தயங்கும், நிற்கும், இறங்கும். அந்தத் தயக்கத்தைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. விளக்குக்கு இந்தப் போக்கெல்லாம் தெரியாது, எல்லை தாண்டிய பிறகே அது எரியும்.

காலையில் இதே முள் பொறுமையும் கற்பிக்கும். எஞ்சின் சூடேறாமல் முழு வேகம் கொடுத்தால் பிஸ்டன் முதலில் விரிந்து, இன்னும் குளிர்ந்திருக்கும் சிலிண்டரில் இறுகிக்கொள்ளலாம். முள்ளைப் பார்த்துப் பாதையைக் கோட்டை விடுவார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் நல்ல மீட்டருக்கு ஓரக்கண் போதும், எண்ணைப் படிக்கவே வேண்டாம், சாய்வே சொல்லிவிடும். கூலண்ட் ஒழுகிப்போனால் சென்சார் வெறும் காற்றில் நின்று குறைத்துக் காட்டலாம் என்பதும் உண்மை. அதனால்தான் விவரமறிந்தவர்கள் முள் திடீரென்று விழுந்தாலும் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள்.