பரிசலும் மூத்தோர் கேமராவும்

ஒகேனக்கல் பரிசல் மூங்கில் பிளாச்சுகளால் வட்டமாகப் பின்னப்படுவது. அடியில் முன்பு தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். ஒற்றைத் துடுப்பில் ஓடும் இந்தக் கூடை, படம் எடுக்க அருமையான இடம். உட்காருபவரின் கண் ஏறக்குறைய நீர்மட்டத்துக்கு வந்துவிடுவதால், பாறைச் சுவர்கள் கரையிலிருந்து தெரிவதைவிட உயரமாக எழும்பும்.

மூத்த பயணிகளுக்குச் சிக்கல் முழங்காலில்தான். பரிசலின் தரையில் கால் மடக்கி உட்கார வேண்டும். ஏறி இறங்கும் இடமோ வழுக்குப் பாறை. கைபிடிக்க ஒருவர் இருப்பது நல்லது. முக்காலி உள்ளே பயன்படாது. பரிசல் சுழன்றுகொண்டே போவதால் ஷட்டர் வேகத்தைக் கூட்டி, சிறிய ஜூம் லென்ஸ் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். சாரலுக்கு ஒரு துண்டு அவசியம். உயிர்காப்பு உடைக்கு மேல் கேமரா வாரை மாட்டினால் கை விடுபடும். உட்கார முடியாதவர்களுக்குத் தொங்கு பாலம் இருக்கிறது. அங்கிருந்து அருவிகள் அகலமாகவே கிடைக்கும்.

கர்நாடக அணைகள் திறக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெள்ளம் பெருகினால் பரிசல் நிறுத்தப்படும். மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களின் காலை வெயிலே உகந்தது.

சுற்றுக்காடுகளின் ஒரு பகுதி 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 686 சதுர கிலோமீட்டர். நீர்நாய், முதலை, யானை, சாம்பல் நிற அணில் எல்லாம் உண்டு. காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும்.