காலமும் படியெடுப்போரும்

இலக்கியம் பற்றிப் பேசுவோர் எம்மிடையே அடிக்கடி எடுத்தாளும் கருத்தொன்று உண்டு. நல்ல இலக்கியம் காலத்தை வென்று நிற்கும்; அல்லாதது தானே அழிந்தொழியும் என்பதே அது. மேடைகளிலும் வகுப்பறைகளிலும் நூல் முகவுரைகளிலும் இக்கருத்து ஐயத்துக்கு இடமற்ற உண்மைபோல வழங்கி வருகிறது. காலம் ஒரு பெரிய சுளகு. அது புடைக்கும்போது மணி தங்கும், பதர் பறக்கும் என்பர். இதனை ஏற்றுக்கொண்டால் எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் ஒரு வேலை குறைந்துவிடுகிறது. எழுதியவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பைக் காலத்தின் தலையிற் சுமத்திவிட்டு நாம் நிம்மதியாக உறங்கலாம்.

இக்கருத்துத் தவறானது, தவறானது மட்டுமன்றித் தீங்கானதுமாகும். காலம் எதனையும் தெரிந்தெடுப்பதில்லை. ஓலையைச் செல் அரிக்கும். கடதாசியை ஈரம் தின்னும். கணினியின் வன்தட்டு ஒருநாள் சுழலாது நின்றுவிடும். இவற்றுள் எதுவும் கவிதையின் தரத்தை விசாரித்துவிட்டுத் தன் வேலையைத் தொடங்குவதில்லை. ஒரு நூல் இன்று எம் கையில் இருக்கிறதென்றால், யாரோ ஒருவர் அதனைப் படியெடுத்தார் என்பதும், அப்படி அழிவு நேராத வேறோரிடத்தில் இருந்தது என்பதுமே காரணங்களாம். படியெடுத்தல் ஓர் உழைப்பு. அவ்வுழைப்புக்கு நேரமும் பொருளும் வேண்டும். எனவே எது நிலைத்தது என்ற கேள்வி, யாருடைய எழுத்துக்கு அவ்வுழைப்புக் கிட்டியது என்ற கேள்வியே. அழகியற் கேள்விபோலத் தோன்றும் இது உண்மையில் ஒரு சமுதாயக் கேள்வி.

எமது இலக்கிய வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். பனையோலைக்கு ஆயுள் சொற்பம். எமது நாட்டின் வெம்மையிலும் ஈரத்திலும் தலைமுறைகள் சில கழியுமுன் ஏட்டைப் புதிய ஓலைக்கு மாற்றி எழுதியே ஆகவேண்டும். எழுதத் தவறிய தலைமுறையோடு நூலும் முடிந்தது. பதிற்றுப்பத்தின் முதற் பத்தும் இறுதிப் பத்தும் இன்று இல்லை. ஐம்பெருங் காப்பியங்களென நாம் பெருமையோடு எண்ணுகின்ற ஐந்தனுள் வளையாபதியும் குண்டலகேசியும் சில செய்யுட்களாகவே எஞ்சியுள்ளன. ஏனைய பத்துக்களினும் இவ்விரு பத்துக்களும் தரத்திற் குறைந்தவை என்று எந்த விமர்சகன் தீர்ப்புக் கூறினான்? தீர்ப்புக் கூறியது செல்லன்றி வேறல்ல.

எஞ்சியவை எஞ்சிய வரலாறும் இதனையே காட்டுகிறது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இற் கலித்தொகையையும் அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையர் 1887 இற் சீவக சிந்தாமணியையும் 1892 இற் சிலப்பதிகாரத்தையும் 1894 இற் புறநானூற்றையும் வெளியிட்டார். எடுக்கும்போதே ஒடிந்து உதிரும் ஏடுகளோடு தாம் பட்ட பாட்டை இருவரும் எழுதிவைத்துள்ளனர். அவர்கள் சில பத்தாண்டுகள் பிந்தியிருந்தால் இன்று நாம் சங்க காலமென்று வாயாரப் பேசுவதிற் பெரும்பகுதி எமக்குத் தெரியாமலே போயிருக்கும். அச்சு இங்கு செய்த புரட்சி யாது? ஒரு படியை ஒரே நாளில் ஐந்நூறாக்கி, ஐந்நூறு வீடுகளுக்கு அனுப்பியதே.

ஆனால் நாணயத்தின் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். ஏடுகள் பெரும்பாலும் மடங்களிலும் புலவர் பரம்பரைகளிலும் செல்வர் மனைகளிலுமே இருந்தன. அங்கு மதிக்கப்பட்டவை படியெடுக்கப்பட்டன. வயலிலும் கடலிலும் உழைத்தோர் பாடியவற்றை ஏட்டில் எழுதுவார் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்ட மக்களின் கலைப்படைப்புக்களிலே மிகப் பலவற்றை நாம் இழந்தமைக்கு அவற்றின் தரம் காரணமன்று. படியெடுக்கும் வசதி ஒரு சாராரிடம் குவிந்திருந்தமையே காரணம். காலம் வடிகட்டியது என்று கூறுவது இவ்வநீதியை இயற்கையின் கணக்கில் எழுதிவைப்பதாகும்.

முற்போக்குச் சிந்தனையின் மூலநூல்களே இவ்வாபத்திலிருந்து மயிரிழையில் தப்பியவை. மார்க்சும் ஏங்கெல்சும் 1845, 1846 ஆம் ஆண்டுகளிற் பிரசெல்சில் இருந்து எழுதிய ‘ஜெர்மானியச் சித்தாந்தம்’ பதிப்பாளர் கிடைக்காமற் கிடப்பிற் போடப்பட்டது. தமது கருத்துக்களைத் தமக்கே தெளிவாக்கிக் கொண்டமையால் அக்கையெழுத்துப் பிரதியை எலிகளின் விமர்சனத்துக்கு விட்டுவிட்டதாக 1859 இல் மார்க்ஸ் நகைச்சுவையோடு குறிப்பிட்டார். நகைச்சுவை மெய்யாயிற்று. அதன் சில தாள்கள் சிதைந்தும் சில காணாமலும் போயின. எஞ்சியது முழுமையாக அச்சேறியது 1932 இல். எழுதியோர் இருவரும் மறைந்து நெடுங்காலம் கழிந்த பின்னர்.

அதற்கு வழிசெய்தவர் மொஸ்கோவில் மார்க்ஸ்-ஏங்கெல்ஸ் நிறுவனத்தை நடத்திய ரியாசனோவ். ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் சுவடிச்சாலையிற் கிடந்த கையெழுத்துப் பிரதிகளை அவர் 1920 களிலே பக்கம் பக்கமாகப் புகைப்படப் பிரதி எடுப்பித்தார். 1933 இல் நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். மூலத்தாள்கள் இரகசியமாக டென்மார்க்குக்குக் கடத்தப்பட்டு, 1938 இல் ஆம்ஸ்டர்டாமின் சர்வதேச சமூக வரலாற்று நிறுவனத்தைச் சென்றடைந்தன. வழியில் அவை அகப்பட்டிருந்தாலும் படி வேறொரு நாட்டில் இருந்தது. ரியாசனோவோ 1931 இற் பதவி பறிக்கப்பட்டு 1938 இற் சுட்டுக்கொல்லப்பட்டார். படியெடுத்தவர் அழிக்கப்பட்டார், படிகள் நின்றன. சித்தாந்தத்தின் வலிமையாலேயே நூல்கள் நிலைக்கும் என நம்புவோர் இவ்வரலாற்றைச் சற்று நிதானமாகப் படித்தல் நன்று.

எமது மண்ணின் பாடம் இதனினும் கொடியது. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அத்தீயைப் பற்றிக் கவிதைகள் எழுதினோம், கண்ணீர் சொரிந்தோம், அது நியாயமே. ஆயினும் கண்ணீருக்கு அப்பால் ஓர் உண்மை உண்டு. எரிந்தவற்றுள், வேறிடங்களிற் படி இருந்த அச்சு நூல்கள் மீண்டும் தேடிச் சேர்க்கத்தக்கவையாயின. ஒற்றைப் படியாக இருந்த ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் என்றென்றைக்குமாக ஒழிந்தன. குற்றம் தீயிட்டோருடையது, அதிற் பங்கில்லாதோர்மீது அதனைச் சுமத்தலாகாது. ஆனால் ஒற்றைப் படி என்பது தீயிடுவோனுக்கு நாம் தரும் வாய்ப்பு என்ற பாடத்தைக் கற்கவேண்டியவர்கள் நாமே.

கற்றோமா? இன்று எமது எழுத்தாளர்களிற் பலர் கடதாசியில் எழுதுவதில்லை. கட்டுரையும் கதையும் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் பிறக்கின்றன. எங்கோ ஒரு கம்பனியின் இயந்திரத்திற் குடியிருக்கின்றன. ‘முகில்’ என்று அதற்கு அழகான பெயர் சூட்டியுள்ளனர். அது வானத்தில் இல்லை. யாரோ ஒருவருடைய கட்டடத்தில், யாரோ ஒருவருடைய இலாப நட்டக் கணக்குக்கு உட்பட்டு இருக்கிறது. கணக்குப் பிழைத்தால் கதவு மூடப்படும். இலட்சக்கணக்கான சாதாரண மக்கள் தம் எழுத்துக்களைச் சேர்த்துவைத்த ஜியோசிற்றீஸ் என்னும் தளத்தை யாகூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் மூடிவிட்டது. தொண்டர்கள் சிலர் இரவுபகலாக உழைத்துப் படியெடுத்த பகுதியே எஞ்சியது. மைஸ்பேஸ் நிறுவனம் 2015 க்கு முன்னர் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட இசைப் பதிவுகளை, இயந்திரம் மாற்றும்போது இழந்துவிட்டதாக 2019 இல் ஒப்புக்கொண்டது. இளங்கலைஞர் பலரின் பாடல்கள் அத்தோடு முடிந்தன. அங்கும் காலம் தரம் பார்க்கவில்லை.

தனியார் கம்பனிதான் இவ்வாறு செய்யும், அரசு செய்யாது என்பாருக்கு எமது நாடே விடை கூறும். 2023 இல் இலங்கை அரசின் மின்னஞ்சல் தொகுதிமீது கப்பம் கேட்கும் வகையைச் சேர்ந்த கணினித் தாக்குதல் நிகழ்ந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச அலுவலகங்களின் கடிதங்கள், அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலானவை, மீட்கவியலாது போயின. அக்காலப்பகுதிக்கு, தொகுதியிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட படி ஒன்றும் இல்லாமையே காரணம்.

இங்கு ஒரு மயக்கத்தைத் தெளிதல் அவசியம். ஒரே எழுத்துக் கணினியிலும் தொலைபேசியிலும் முகிலிலும் தோன்றுவதைக் கண்டு மூன்று படிகள் உள்ளன எனப் பலர் கருதுகின்றனர். அவை ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஓரிடத்தில் அழித்தால் ஏனைய இடங்களிலும் அழியும். ஓரிடத்திற் பழுதானால் பழுதும் சேர்ந்தே பரவும். அது படியன்று, ஒரே படியின் நிழல்கள். அனுபவம் கற்பித்த விதி எளியது: மூன்று படிகள் வேண்டும், அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும், ஒன்றேனும் வேறோரூரில் இருத்தல் வேண்டும். ஒன்று கணினித் தொடர்பற்றுத் தனித்திருப்பதும் அவசியம். எடுத்த படியை ஆண்டுக்கொரு முறையாவது திறந்து படித்துப் பார்க்கவும் வேண்டும். திறந்து பார்க்காத படி, இருக்கிறதென்ற நம்பிக்கை மட்டுமே.

திறந்தாலும் படிக்க முடியாத படிகளும் உண்டு. தமிழுக்கே உரிய இச்சிக்கலை எம்மவர் போதிய அளவு உணரவில்லை. பல்லாண்டுகளாக இலங்கையிற் பெரும்பாலான தமிழ்க் கணினி வேலைகள் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களிலேயே நடைபெற்றன. அவ்வகைக் கோப்பில் உண்மையிற் பதிந்திருப்பவை ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி அணிவிக்கிறது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கவிதை பொருளற்ற குறிகளின் குவியலாகக் காட்சியளிக்கும். பழைய சஞ்சிகைகளின் கோப்புக்கள் இவ்வாறு எத்தனையோ அச்சகக் கணினிகளிற் கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவைத்தல், செல்லரித்த ஏட்டைப் புதிய ஓலைக்கு மாற்றிய அதே பணியாகும்.

எல்லாவற்றையும் பாதுகாத்தால் குப்பையும் சேர்ந்து குவியுமே என ஒரு மறுப்புக் கேட்கக்கூடும். குவியட்டும். தெரிந்தெடுத்தல் விமர்சகனின் தொழில். அதனை அவன் பொருள் கையிலிருக்கும்போதே செய்ய முடியும். இன்று குப்பையெனத் தோன்றும் தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரமும் பாடசாலை மாணவர் மலரும் தோட்டத் தொழிலாளியின் பாட்டும் நாளைய ஆய்வாளனுக்கு ஒரு யுகத்தின் சாட்சியாகலாம். வைத்திருந்ததைப் பின்னர் விலக்கலாம். அழிந்ததைப் பின்னர் தெரிந்தெடுக்க இயலாது.

இது தனிமனிதரின் விழிப்பினால் மட்டும் தீரும் காரியமன்று. கணினியும் மேலதிக வன்தட்டும் வாங்க இயலாத எழுத்தாளனை நோக்கி மூன்று படி எடு எனக் கூறுவது, பசித்தவனுக்குச் சத்துணவு பற்றிப் பிரசங்கம் செய்வது போன்றது. பழைய காலத்தில் மடங்கள் தமக்கு வேண்டியவற்றைப் படியெடுத்தன. இன்று மக்கள் தமக்கு வேண்டியவற்றைத் தாமே படியெடுக்கும் அமைப்புக்கள் வேண்டும். 2005 இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இத்திசையில் எமக்கு வழிகாட்டுகிறது. மல்லிகை போன்ற சஞ்சிகைகளின் பழைய இதழ்களை இன்று எந்த ஊர் மாணவனும் கட்டணமின்றிப் படிக்க இயல்வது தொண்டர்களின் உழைப்பால் விளைந்த பயன். எனினும் ஒரு நிறுவனத்தின்மேல் முழுப் பாரத்தையும் சுமத்துதல் மீண்டும் ஒற்றைப் படிக்கே எம்மைக் கொண்டு சேர்க்கும்.

பாடசாலைகள் பலவற்றிற் கணினி அறை இருக்கிறது. தமிழ் மன்றம் இருக்கிறது. ஊரின் எழுத்தாளர்களது ஆக்கங்களைச் சேகரித்து, ஒருங்குறிக்கு மாற்றி, இன்னொரு மாவட்டத்துப் பாடசாலையோடு படிகளைப் பரிமாறிக்கொள்ள ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தால் எது தடை? மட்டக்களப்பின் எழுத்து வவுனியாவிலும், ஹற்றனின் எழுத்து யாழ்ப்பாணத்திலும் இருக்கட்டும். ஓரிடத்துத் தீ மற்றோரிடத்தைத் தீண்டாது. காலத்தை வெல்லும் இலக்கியம் என்று இனி மேடையிற் பேசுமுன், அவ்விலக்கியத்தின் இரண்டாவது படி எங்கே இருக்கிறது என்று நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோமாக.