விரலுக்குத் தெரியாத வேலை

லிங்கநகரில் பஸ்ஸுக்கு நிற்பவர் கொழும்பிலுள்ள மகளுக்குத் தமிழில் தட்டி அனுப்புகிறார். விசைப்பலகை என்று ஒன்று இருப்பதே அவர் நினைவில் இல்லை. செயலி எழுதுபவரின் கைத்திறன் அந்த மறதியில்தான் தெரிகிறது.

மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுச் செயலியான செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளிவந்தபோது பொத்தான் போன்களுக்கான ஜாவா நிரல். பிறகு தொடுதிரை வந்தது, பொத்தானே போய்விட்டது. ஐபோனிலோ 2014இல் ஐஓஎஸ் 8 வரும்வரை வெளியார் விசைப்பலகைக்கு இடமில்லை. செயலிக்குள் எழுதி, நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. 2017இல் ஐஓஎஸ் 11 வந்து 32 பிட் செயலிகளை மொத்தமாக வெளியே தள்ளியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் செயலியைத் திருத்தி எழுதுவது, குடியிருப்பவர் எழும்பாமலே வீட்டுக்கு அத்திவாரம் மாற்றுகிற வேலை. உள்ளே எத்தனை முறை பிரித்துக் கட்டினாலும், கணினியில் பழகிய அஞ்சல், தமிழ்99 தட்டுமுறைகள் கைபேசியிலும் தொடர்கின்றன.