பிணையும் நன்றியும்: ‘சுப்பிரமணியபுரம்’ பற்றி ஓர் ஆய்வு

கொலையைப் பொருளாகக் கொண்ட கதைகளில் கொன்றவன் யார், கொல்லப்பட்டவன் யார் என்னும் இரு வினாக்களே பெரும்பாலும் முதலிடம் பெறும். திறனாய்வாளர் கேட்கவேண்டிய மூன்றாம் வினா ஒன்று உண்டு. கொலையெண்ணம் எந்தப் பண்பின் வாயிலாக ஓர் உள்ளத்தினுள் நுழைகின்றது என்பதே அது. தீய பண்பின் வழியே நுழையுமாயின் கதை நீதி கூறி அமையும். நற்பண்பின் வழியே நுழையுமாயின் கதை அவலமாகும். சசிகுமார் எழுதி இயக்கி, 2008 சூலையில் வெளிவந்த ‘சுப்பிரமணியபுரம்’ என்னும் திரைப்படம் இவற்றுள் பின்னதன்பாற் படும் என்பதே எம் கருத்து. அதனை ஈண்டு ஆராய்வோம்.

ஒப்புநோக்கிற்காக முதலில் ஒரு பழங்கதையைக் காண்போம். சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டை முதலிய ஊர்களினின்று ஏற்காட்டு வழியாகச் சேலத்திற்கு இறங்குவோர், மாடர்ன் தியேட்டர்சு நிறுவனத்தின் பழைய நுழைவு வளைவை ஏற்காட்டுச் சாலையில் இன்றும் காணலாம். டி. ஆர். சுந்தரம் நடத்திய அந்நிறுவனம் 1950-இல் ‘மந்திரி குமாரி’யை வெளியிட்டது. குண்டலகேசிக் கதையைத் தழுவி மு. கருணாநிதி எழுதிய படம் அது. கணவன் மனைவியைக் கொல்லக் கருதி மலையுச்சிக்கு அழைத்துச் செல்வதும், அவள் அவனை முந்திக்கொண்டு தள்ளிவிடுவதும் அப்படத்தின் உச்சக் காட்சியாம். மூலக்கதையில் கணவனாகிய காளன், கொலைத்தண்டம் பெற்ற கள்வன். பத்திரையின் காதலால், அவள் தந்தையின் முயற்சியால், உயிர் மீண்டவன். மீட்டவளையே அவன் கொல்லத் துணிகின்றான். செய்ந்நன்றியை மறந்தவன் அழிந்தான் என்பதில் கேட்போர்க்கு ஐயமில்லை, நீதி நேரியது.

‘சுப்பிரமணியபுரம்’ இந்நீதியைத் தலைகீழாக்குகின்றது. இங்கும் சிறைப்பட்டோர் பிறர் உதவியால் மீள்கின்றனர். ஆனால் அவர்கள் அவ்வுதவியை மறப்பதில்லை. மறவாமையே அவர்களைக் கொலைக்கு இட்டுச் செல்கின்றது.

கதை 1980-ஆம் ஆண்டின் மதுரையில் நிகழ்வது. அழகர், பரமன், காசி என்போர் பள்ளிப் பருவம் கடந்தும் தொழில் எதிலும் அமையாத இளைஞர். அவர்தம் தெருவில் வாழும் முன்னாள் நகரமன்ற உறுப்பினர் சோமுவுக்குக் கட்சிப் பதவி கிட்டாது போகின்றது. அவர் தம்பி கனகு அவ்விழிவைச் சொல்லி இளைஞர் உள்ளத்தைக் கலக்குகின்றான். பதவி பெற்றவனை அவர்கள் கொல்கின்றனர். தம்மை அவன் வெளிக்கொணர்வான் என்று நம்பிச் சிறை புகுகின்றனர், அவனோ கைவிடுகின்றான். சிறையில் உடனிருந்த ஒருவன் அவர்களுக்குப் பிணைக்கு வழி செய்கின்றான். அதற்கு ஈடாகத் தன் தங்கையின் சாவுக்குக் காரணமான மைத்துனனைக் கொல்லக் கேட்கின்றான். முதலில் தயங்கியவர்கள், பெற்ற உதவியை எண்ணி அதனையும் செய்கின்றனர்.

முதற்கொலை கிட்டாத பிணையை நம்பிச் செய்தது. இரண்டாவது, கிட்டிய பிணைக்குக் கைம்மாறாகச் செய்தது. இரண்டிலும் கொன்றவர்க்குக் கொல்லப்பட்டவனோடு பகையில்லை. வெகுளி ஒருவனுடையது, கை மற்றொருவனுடையது. பிணை என்னும் சொல் சட்டத்தில் விடுதலையையும் வழக்கில் கட்டினையும் குறிக்கும் தமிழின் நுட்பம், இப்படத்தின் கதைப்போக்கிற்கு முற்றும் பொருந்துகின்றது. விடுவித்தவனே கட்டுகின்றான்.

இவ்விளைஞர் இக்கட்டிற்கு எளிதில் ஆட்படுவது ஏன்? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதற்கு விளக்கம் தரும். பெருமிதம் தோன்றுதற்குரிய நிலைக்களன்களாகக் கல்வி, புகழ், கொடை, தறுகண் ஆகியவற்றை அந்நூல் கொள்கின்றது. இவர்களுக்குக் கல்வியின் வாயில் அடைபட்டுவிட்டது. கொடுத்தற்குப் பொருளில்லை. புகழோ, தெருமுனையைத் தாண்டாதது. எஞ்சியது தறுகண் ஒன்றே. நான்கு வாயில்களில் மூன்று அடைபட்ட வீட்டில், நான்காவதன் திறவுகோலைக் கையில் வைத்திருப்பவனே தலைவனாகின்றான். கனகுவின் வலிமை இதுதான். அவன் அவர்களை ஆண்மக்களாக மதிப்பதுபோல் பேசினான். அம்மதிப்பே அவர்கள் பெற்ற கூலி.

அடுத்த ஆண்டு வெளிவந்த ‘ரேணிகுண்டா’வும் பதின்பருவத்தினரைக் கொலைத்தொழிலில் ஈடுபட்டோராகக் காட்டிற்று. அங்குக் கொலை பிழைப்பாகி விடுகின்றது. இங்கோ இறுதிவரை அது கடமையாகவே எண்ணப்படுகின்றது. அவலத்தின் ஆழம் இவ்வேறுபாட்டில் உள்ளது.

இப்படத்தை நட்பின் காவியமாகப் போற்றும் மாணவர் பலர். அவர்தம் கருத்தை யாம் முழுதும் ஏற்பதற்கில்லை. திருக்குறள் நட்பு என்னும் அதிகாரத்தை அடுத்து நட்பாராய்தலை வைத்துள்ள முறைவைப்பை அவர்கள் எண்ணுதல் வேண்டும். ஆராயப்படாத நட்பு எந்தக் கைக்கும் கருவியாகும். துளசியை முன்னிட்டு அழகர் வீழ்த்தப்படுகின்றான். கனகுவைக் கொன்று பழிதீர்த்த பரமனைக் காசி பணத்திற்காகக் காட்டிக்கொடுக்கின்றான். காதலும் நட்பும் ஒருங்கே விலைபோகும் உலகமே இங்குக் காட்டப்படுகின்றது.

படத்தின் குறை ஒன்றையும் சுட்டுதல் முறையாம். கனகுவைப் பரமன் கொல்லும் காட்சி, பழிவாங்கலின் இன்பத்தைக் காண்போர்க்கு நிறைவாக வழங்குகின்றது. பிறர் வெகுளிக்குக் கருவியாதலைக் கண்டித்த படம், அவ்விடத்தில் காண்போரையும் அவ்வெகுளியில் பங்குகொள்ளச் செய்கின்றது. அரங்கில் எழும் ஆரவாரம் படத்தின் பொருளுக்கு மாறானது. துளசியின் உள்ளத் துயரும் அவள் கண்ணீரளவில் நின்றுவிடுகின்றது. வற்புறுத்தப்பட்டு உடன்பட்டவளின் பிற்கால வாழ்வைப் படம் வினவவில்லை.

எனினும் படத்தின் முதலும் முடிவும் இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கின்றன. 2008-இல் சிறைவாயிலினின்று வெளிவரும் ஒருவன் குத்தப்படுதலே தொடக்கம். அவன் காசி என்பதும், அவன் உயிரை முடிப்பது பழைய நண்பர் குழுவில் எஞ்சியவன் கையே என்பதும் இறுதியில் தெளிவாகின்றன. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒருவன் இறந்த நண்பர்க்குக் கடன் தீர்க்கின்றான். காளன் மறந்ததால் ஓர் உயிர் போயிற்று. இவர்கள் மறவாமையால் உயிர்கள் தொடர்ந்து போகின்றன. நன்றியை யாருக்கு, எதனால், எவ்வளவு செலுத்துவது என்று ஆராயும் அறிவையும் நன்றியோடு சேர்த்தே இளைஞர்க்குக் கற்பித்தல் வேண்டும் என்பது இப்படத்தினின்று யாம் பெறும் முடிபு.